சிறுவர் உடலும் சமூகக் குற்றமும்: இளமைக்காலக் கொடுமையின் நீண்டகால நோய்விளைவுகள் பற்றிய வரலாற்று நோக்கு

1. பிரச்சினையின் தோற்றம்

மனித உடலுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு, பெரும்பாலும், அம்மனிதர் தாமாகத் தெரிந்தெடுக்காத சூழ்நிலைகளிலேயே தொடங்குகின்றது. ஐம்பதாவது வயதில் ஒருவரைப் பீடிக்கும் இருதய நோய்க்கும், ஐந்தாவது வயதில் அவர் அனுபவித்த அடி, உதை, பட்டினி, புறக்கணிப்பு ஆகியவற்றுக்குமிடையே தொடர்பு உண்டென்பது இன்று மருத்துவ உலகிற் பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்றாகும். 1998ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வே இவ்வறிவுக்கு வழிகோலிற்று எனப் பொதுவாகக் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது முழு உண்மையன்று. சிறுவயதில் இழைக்கப்பட்ட கொடுமை வளர்ந்தோரின் உடலில் நோயாக வெளிப்படுவதை இலண்டனைச் சேர்ந்த சத்திரவைத்தியர் ஒருவர் 1775ஆம் ஆண்டிலேயே எழுத்தில் வைத்துள்ளார். இவ்விரு ஆண்டுகளுக்குமிடையே 223 ஆண்டுகள் கழிந்துள்ளன.

இந்நீண்ட இடைவெளிக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும். அறிவியற் கருவிகள் வளர்ச்சியடையாமையே காரணம் என விடையிறுத்தல் எளிது. ஆனால் வரலாற்றுச் சான்றுகள் வேறொன்றையும் காட்டுகின்றன. இளமைக்காலக் காயம் வளர்ந்தவரில் நோயாக வெளிப்படும்போது, முதலில் அது பாதிக்கப்பட்டவரின் ஒழுக்கக் கேடாகவே கொள்ளப்பட்டது. அவ்வெண்ணம் தகர்ந்ததும் குற்றம் அருகில் நின்றவரின் கையிலே காணப்பட்டது. எசமானும் தாயும் தந்தையும் அவ்வாறு இனங்காணப்பட்டவர்களே. அந்தக் கையை இயக்கிய சமூக உறவுகள் எப்போதும் இறுதியிலேயே நோக்கப்பட்டன. சில வேளைகளில் அவை நோக்கப்படவேயில்லை. இப்போக்கினைச் சில வரலாற்று நிகழ்வுகளின் மூலம் நாம் இங்கு விளக்கலாம்.

2. புகைக்கரியும் ஒழுக்கமும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இலண்டன் நிலக்கரியைக் கொண்டு குளிர் காய்ந்த நகரமாகும். 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் எழுந்த வீடுகளிலே புகைபோக்கிகள் ஒடுங்கியனவாகவும் வளைந்து செல்வனவாகவும் அமைந்தன. 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் கொண்ட துவாரத்தினூடாக வளர்ந்த ஆள் ஏற முடியாது; சிறுவனே ஏறலாம். ஆகவே சிறுவனுடைய உடலின் சிறுமையே ஒரு பண்டமாயிற்று. ஏழை நிவாரணத்துக்குப் பொறுப்பாயிருந்த கோயிற்பற்றுச் சபைகள், தம் பராமரிப்பிலிருந்த அநாதைச் சிறுவரைத் துப்புரவுத் தொழில் எசமானரிடம் பயிலுநராக ஒப்படைத்தன. பிள்ளையுடன் ஒரு தொகைப் பணமும் எசமானுக்குக் கிடைத்தது. சபைக்கோ ஒரு வயிற்றின் செலவு குறைந்தது. வறிய பெற்றோர் சிலரும் தம் பிள்ளைகளை இவ்வாறு விற்றனர். இவர்களுள் ஐந்து, ஆறு வயதினரும் இருந்தனர்.

இச்சிறுவரின் வாழ்க்கை பற்றிப் பின்னாளில் பாராளுமன்றக் குழுக்கள் திரட்டிய சாட்சியங்கள் பல உள்ளன. முழங்கால்களிலும் முழங்கைகளிலும் தோல் உரிந்து இரத்தம் கசியும். அத்தோலைத் தடிக்கச் செய்வதற்காக, எரியும் நெருப்பின் முன் சிறுவனை நிறுத்தி, உப்புநீர் கொண்டு தேய்ப்பர். பகலில் எக்கரியைச் சுரண்டினார்களோ, அக்கரி நிரம்பிய சாக்குகளின் மேலேயே இரவிற் படுத்தனர். குளிப்பு என்பது அரிதிலும் அரிதாக நிகழ்வது. புகைபோக்கியுள் மூச்சடைத்து மாண்டோர் பலர்.

1775ஆம் ஆண்டிலே, இலண்டன் புனித பார்த்தலோமியு வைத்தியசாலையின் சத்திரவைத்தியரான பேர்சிவல் பொட், இத்தொழிலிலிருந்தோரின் விதைப்பைத் தோலில் உண்டாகும் ஒரு புற்றுநோய் பற்றி எழுதினார். தொழிலாளர் மத்தியில் அது புகைக்கரிப் பரு எனப்பட்டது. அது சிறுவரிடத்து அரிதாகவும், பருவமடைந்த பின்னரே பெரும்பாலும் தோன்றுவதாகவும் அவர் கண்டார். தொழில்சார் புற்றுநோய் பற்றிய மருத்துவ எழுத்துகளில் இதுவே முதன்மையானதாகக் கருதப்படுகின்றது. எமது விடயத்துக்கு இதிலும் முக்கியமான ஒன்று உண்டு. பொட் எழுதும் வரையில் அந்நோய் பாலியல் நோயென்றே வைத்தியராலும் நோயாளராலும் எண்ணப்பட்டது; அதற்கேற்ப இரச மருந்துகள் கொடுக்கப்பட்டன. அதாவது, ஆறு வயதிலே கரியினுள் இறக்கப்பட்டவனின் நோய்க்கு, இருபத்தைந்து வயதிலே அவனுடைய ஒழுக்கமே காரணமாக்கப்பட்டது. பொட் காரணத்தை ஒழுக்கத்திலிருந்து எடுத்துத் தொழிலில் வைத்தார். இவர்களின் சிறுபராயம் கொடுமை நிறைந்தது என்பதையும் அவர் அவ்விடத்திலேயே இரக்கத்தோடு குறித்துள்ளார். அவரது மருத்துவச் சாதனை இவ்விடமாற்றத்திலேயே தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் அறிவு வேறு, அதன் சமூகப் பயன் வேறு. 1788இல் இயற்றப்பட்ட சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோரைப் பயிலுநராக்குதலைத் தடுத்தது. அதனை நிறைவேற்றும் பொறிமுறை எதுவும் இருக்கவில்லை. 1803இல் ஜோர்ஜ் ஸ்மார்ட் என்பவர் புகைபோக்கியைத் துடைக்கும் இயந்திரத் தூரிகையை அமைத்தார். அதன் பின்னரும் சிறுவர் ஏறிக்கொண்டேயிருந்தனர். வளைந்த புகைபோக்கிகளைத் திருத்துவதற்கு வீட்டுடைமையாளர் பணம் செலவிட வேண்டியிருந்தது. சிறுவனோ மலிவானவன். 1819இற் கொண்டுவரப்பட்ட மசோதாவைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. 1834, 1840, 1864 ஆகிய ஆண்டுகளிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 21 வயதுக்குட்பட்ட எவரும் ஏறலாகாது என்ற 1840ஆம் ஆண்டுச் சட்டமே ஏட்டளவில் நின்றது. புகைபோக்கியொன்றில் ஒரு சிறுவன் இறந்த 1875ஆம் ஆண்டிலே, தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும் பொலிஸ் கண்காணிப்பும் விதிக்கப்பட்ட பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது. பொட் எழுதியதிலிருந்து சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. இயந்திரம் உழைப்பை விட மலிவாக இருக்கும்போதே முதலாளித்துவம் இயந்திரத்தை நாடும் என்று மார்க்ஸ் விளக்கியமைக்கு இதனிலும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒன்றை இங்கு குறித்தல் வேண்டும். 1788ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடுத்த ஆண்டிலே வில்லியம் பிளேக் இச்சிறுவரைப் பாடுபொருளாக்கினார். 1794இல் மீண்டும் பாடினார். இரண்டாவது பாட்டிலே குற்றம் எசமானோடு நிற்கவில்லை. பெற்றோரையும், மதபீடத்தையும், அரசனையும் சென்றடைகின்றது. கைக்கு அப்பால் அமைப்பைக் கண்ட பார்வை அது. 1863இல் நூலுருப்பெற்ற சார்ள்ஸ் கிங்ஸ்லியின் நீர்க்குழந்தைகள் கதையோ எசமானின் கொடுமையைக் காட்டி, சிறுவனை நீரிலே கழுவித் தூய்மைப்படுத்துகின்றது. மறு ஆண்டின் சட்டத்துக்குச் சாதகமான பொதுசன அபிப்பிராயத்தை அது தூண்டியிருக்கலாம். எனினும் இரு படைப்புகளுக்குமிடையேயுள்ள பார்வை வேறுபாடு பின்னர் மருத்துவத் துறையிலும் நிகழப்போவதற்கு முன்னோடியாக அமைந்தது எனலாம்.

புகைக்கரியின் அறிவியல் வரலாறு மேலும் தொடர்ந்தது. ஜேர்மனி போன்ற நாடுகளின் துப்புரவாளரிடம் இந்நோய் அரிதாயிருந்தமைக்கு அவர்களது பாதுகாப்பு உடையும் தூய்மையும் காரணம் என 1892இல் ஹென்றி பட்லின் காட்டினார். 1915இல் யப்பானிய விஞ்ஞானிகளான யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளிலே தாரைத் தொடர்ந்து பூசிப் புற்றுநோயை உண்டாக்கினர். 1930களில் அதற்குக் காரணமான இரசாயனப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இவ்வாறு, ஏழைச் சிறுவரின் தோல் மனிதகுலத்துக்குப் புற்றுநோய் அறிவைக் கற்பித்தது. அதற்குக் கிடைத்த கூலி பற்றிக் கூறவேண்டியதில்லை.

3. தொழிற்சாலையும் தாயும்

புகைபோக்கித் தொழிலில் ஈடுபட்டோர் தொகையிற் சிலரே. பஞ்சாலைகள் சிறுவர் உடலைப் பேரளவில் உட்கொண்டன. 1832இல் மைக்கேல் சாட்லர் தலைமையிலான பாராளுமன்றக் குழுவின் முன்னர், சிறுவயதில் ஆலையில் நின்ற நிலையிலே நெடுநேரம் உழைத்துக் கால்கள் வளைந்து போன வளர்ந்தோர் சாட்சி கூறினர். அடுத்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டோரைப் பெரும்பாலான நெசவாலைகளிலிருந்து விலக்கிற்று. 1845இல் வெளியான ஏங்கல்ஸின் நூல், உழைக்கும் வர்க்கத்தின் உடலையே வர்க்க உறவின் ஆவணமாக வாசித்தது.

அடியும் உதையும் கண்ணுக்குத் தெரிவன. புறக்கணிப்போ அவ்வாறு தெரிவதில்லை. அதற்குக் காரணமானவரைச் சுட்டுவது மேலும் கடினம். இவ்வகையில், 1867இல் வெளியான மூலதனம் முதலாம் பாகத்திலே மார்க்ஸ் எடுத்தாளும் சான்றுகள் பெறுமதியுடையன. பிரித்தானிய அரசின் பொதுச் சுகாதார அறிக்கைகளின்படி, ஒரு வயதுக்குட்பட்ட 100,000 குழந்தைகளுக்கு ஆண்டொன்றில் இறப்போர் தொகை மிகக் குறைந்த மாவட்டமொன்றில் 7,047 ஆகவும், மன்செஸ்ரரில் 26,125 ஆகவும் இருந்தது. 1861ஆம் ஆண்டின் மருத்துவ விசாரணை இவ்வேறுபாட்டுக்குத் தாய்மார் வீட்டுக்கு வெளியே வேலை செய்வதையும், அதன் பயனாகக் குழந்தைகள் போதிய பாலின்றியும் கவனிப்பின்றியும் விடப்படுவதையும், அழுகையை அடக்க அபின் கலந்த மருந்துகள் ஊட்டப்படுவதையும் முக்கிய காரணங்களாகக் காட்டியது.

இதனை வாசித்த நடுத்தர வர்க்கத்தவர் பலர் தாயின் அன்பின்மையையே கண்டனர். ஆனால் அதே காலத்தில் நிகழ்ந்த வேறொன்று அவ்விளக்கத்தைப் பொய்யாக்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரத்து நின்று லங்காசயர் ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்த தாய்மார் வறுமையில் வாடினர். ஆயினும் தம் குழந்தைகளுக்கு அபின் மருந்துக்குப் பதிலாகத் தாய்ப்பால் கொடுக்கும் அவகாசத்தைப் பெற்றனர். இவ்வகையில் அந்நெருக்கடி குழந்தைகளின் நலத்துக்கு உதவியது என்பதை அரசு அனுப்பிய வைத்தியரே அறிக்கையிட, மார்க்ஸ் அதனை அடிக்குறிப்பிலே எடுத்துக்காட்டினார். தாய் மாறவில்லை; மாறியது அவளது வேலைநாள். புறக்கணிப்பு என்பது தனிமனித மனத்தின் குணம் மட்டுமன்று, நேரம் எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதன் விளைவுமாகும் என்ற உண்மை இங்கு புலனாகின்றது.

4. குற்றவாளிக் கூண்டிற் குடும்பம்

வீட்டினுள் நிகழும் வன்முறையை முதலில் முறையாக விவரித்தவர் பிரெஞ்சு சட்ட வைத்தியர் அம்புறுவாஸ் தார்டியூ. 1860இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 32 சிறுவர் பற்றிய விபரங்கள் உள்ளன. அவர்களுள் 18 பேர் மாண்டனர். துன்புறுத்தியோரிற் பெரும்பாலார் பெற்றோரே. இவ்வாய்வு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. குடும்பம் புனிதமானது, தந்தையின் அதிகாரம் இயற்கையானது என்ற கருத்துநிலை வலுவாயிருந்த சூழலில், அதற்கு மாறான சான்று எவ்வளவு தெளிவாயினும் அறிவாக மாறுவதில்லை. இங்கிலாந்தில் மிருகவதையைத் தடுக்கும் சங்கம் 1824இல் தோன்றிற்று. சிறுவரைப் பாதுகாக்கும் நாடளாவிய சங்கமும் அதற்கான சட்டமும் 1889இலேயே தோன்றின. நியூயோர்க்கில் இத்தகைய சங்கம் 1874இல் உருவானது. இச்சங்கங்கள் பல சிறுவரைக் காத்தன என்பதை மறுத்தல் தகாது. ஆனால் அவற்றின் பரிசோதகர் தட்டிய கதவுகள் பெரும்பாலும் ஏழைகளின் கதவுகளே.

1946இல் கதிரியக்கப் படவியல் வைத்தியர் ஜோன் காஃபி, மூளையுறையில் இரத்தக்கசிவுற்ற ஆறு சிசுக்களின் எலும்புகளிற் பல முறிவுகளைக் கண்டு விவரித்தார். வாய் பேசாத சிசுவுக்காக எலும்பு பேசியது. 1962இல் ஹென்றி கெம்பும் அவரது சகாக்களும் அடியுண்ட சிசுவின் நோய்க்குறித்தொகுதி பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். 71 வைத்தியசாலைகளிலிருந்து ஓராண்டில் 302 நிகழ்வுகள் பதிவாகின. 33 பிள்ளைகள் இறந்தனர், 85 பேர் நிரந்தர மூளைப் பாதிப்புற்றனர். ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் வைத்தியர் இத்தகைய நிகழ்வுகளை அறிவிக்கவேண்டும் எனச் சட்டமியற்றின.

மறைந்திருந்த கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. ஆயினும் அது நோய் என்ற பெயரோடு வந்தது. நோயுற்றவராகக் கருதப்பட்டவர் பெற்றோர். வேண்டப்பட்டது அவர்களது மனத்துக்கான சிகிச்சை. 1970இல் டேவிட் கில் எழுதிய நூல், வறுமையையும் சிறுவரை அடிப்பதை ஏற்கும் பண்பாட்டையும் காரணங்களாக முன்வைத்தது. ஆனால் 1973இல் இது பற்றி விசாரணை நடாத்திய செனற்றர் வோல்ற்றர் மொண்டேல், இப்பிரச்சினை வறுமைப் பிரச்சினையாகத் தோன்றாதிருக்கக் கவனமெடுத்தார். ஏழைகளுக்கான சட்டம் என்றால் ஆதரவு கிட்டாது என்ற அரசியற் கணக்கே அதற்குக் காரணம். அதன் விளைவான சட்டம் 1974இல் நிறைவேறிற்று. 1978இல் லீரோய் பெல்ற்றன் இதனை வர்க்கமின்மை என்னும் ஐதிகம் எனக் கண்டித்தார். பிற்காலத் தரவுகள் அவரது வாதத்துக்குத் துணைநிற்கின்றன. 2010இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வின்படி, தாழ்ந்த சமூக பொருளாதார நிலையிலுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் ஏனையோரைவிட மூன்று மடங்குக்கு மேலாகக் கொடுமைக்கும், ஏறத்தாழ ஏழு மடங்கு புறக்கணிப்புக்கும் உள்ளாகினர். அடிப்பதை விடப் புறக்கணிப்பிலேயே வர்க்கத்தின் முத்திரை ஆழமாக விழுகின்றது என்பது இங்கு நோக்கற்பாலது.

5. உணவு மட்டும் போதுமா?

இதுவரை கூறியவற்றிலிருந்து, பொருளாதார நிலை திருந்தினால் யாவும் திருந்தும் என எவரேனும் முடிவு செய்வாராயின் அது அவசரமான முடிவாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே நிகழ்ந்த சில அவதானிப்புகள் அதனை ஏற்க இடந்தரவில்லை.

1945இல் ரெனே ஸ்பிற்ஸ் இரு நிறுவனங்களின் குழந்தைகளை ஒப்பிட்டார். ஒன்று தூய்மையும் போதிய உணவும் கொண்ட குழந்தைகள் இல்லம். அங்கு ஒரு தாதியின் பொறுப்பிற் பல குழந்தைகள் இருந்தனர். மற்றையது சிறைச்சாலையொன்றின் குழந்தைப் பிரிவு. அங்கு கைதிகளான தாய்மாரே தம் குழந்தைகளைப் பராமரித்தனர். இல்லத்திலே 91 குழந்தைகளுள் 34 பேர் இரண்டு வயது முடிவதற்குள் இறந்தனர். சிறையின் குழந்தைகளோ நன்கு வளர்ந்தனர்.

1948இல் எல்சி விடோசன் என்ற பிரித்தானிய போசாக்கு விஞ்ஞானி ஜேர்மனியின் வுப்பற்றால் நகரிலே இரு அநாதை இல்லங்களை ஆராய்ந்தார். முதல் ஆறு மாதம் இரு இல்லங்களுக்கும் ஒரே பங்கீட்டு உணவு. பின்னர் ஓர் இல்லத்துக்கு மட்டும் மேலதிகமாகப் பாணும் பழச்சாறும் வழங்கப்பட்டன. மேலதிக உணவு பெற்ற பிள்ளைகள் கூடுதலாக எடை பெறுவர் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் அவர்களே குறைவாகப் பெற்றனர். மேலதிக உணவு தொடங்கிய அதே காலத்தில், மற்றைய இல்லத்தின் கடுமையான மேற்பார்வையாளர் இவ்வில்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். சாப்பாட்டு வேளையிலே பிள்ளைகளை எல்லோர் முன்னிலையிலும் ஏசி அவமதிப்பது அவரது வழக்கம். அவர் நீங்கிய இல்லத்துப் பிள்ளைகள், மேலதிக உணவின்றியே, விரைந்து வளர்ந்தனர். அவர் தம்முடன் அழைத்து வந்த விருப்பத்துக்குரிய சில பிள்ளைகள் மட்டும் புதிய இல்லத்தில் நன்றாக எடை பெற்றனர். அச்சத்தோடு உண்ட சோறு உடலில் ஒட்டாது என நம்மவர் கூறக்கூடியதை, நிறுவைத் தராசு இங்கு எண்களாற் காட்டிற்று.

இவ்விடத்தில் ருமேனியாவைப் பற்றிப் பேசாது கடந்து செல்லல் நேர்மையாகாது. 1966இல் சௌசெஸ்கு அரசு 770ஆம் இலக்க ஆணையின் மூலம் கருக்கலைப்பைத் தடைசெய்தது. சனத்தொகையைப் பெருக்குதல் தேசிய உற்பத்தித் திட்டத்தின் ஒரு பகுதியாக எண்ணப்பட்டது. 1980களில் வெளிநாட்டுக் கடனைத் தீர்ப்பதற்காக உணவு ஏற்றுமதியாகியது. மக்கள் குளிரிலும் பற்றாக்குறையிலும் வாடினர். வளர்க்க வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் அரச இல்லங்களை அடைந்தனர். 1989 டிசெம்பரில் ஆட்சி வீழ்ந்தபோது 100,000க்கும் மேற்பட்ட சிறுவர் அவற்றில் இருந்தனர். 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய புக்கரெஸ்ற் ஆய்விலே 136 குழந்தைகளுள் 68 பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புப் பெற்றோரிடம் சேர்க்கப்பட்டனர். இல்லங்களில் நீடித்தோரின் மூளைச் செயற்பாடும் அறிவுத்திறனும் பின்தங்கின. நெருக்கடிக்கு உடல் காட்டும் ஓமோன் பிரதிபலிப்பும் மழுங்கியிருந்தது. இரண்டு வயதுக்கு முன்னர் குடும்பச் சூழலை அடைந்தோர் பல வகையில் மீட்சி பெற்றனர்.

உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையாக இருந்த நாட்டிலே இது நிகழ்ந்தது. பிள்ளையை எதிர்கால உழைப்புச் சக்தியின் ஓர் அலகாக எண்ணிய அவ்வரசின் கணக்குக்கும், அநாதையை எசமானிடம் தள்ளிவிட்ட ஆங்கிலக் கோயிற்பற்றுச் சபையின் கணக்குக்கும் அடிப்படையில் வேறுபாடு யாது? சோசலிசம் என்ற பெயர்ப்பலகை இக்கேள்விக்கு விடையாகாது. மனிதரைப் பயன்பொருளாக நோக்கும் உறவு எந்த உடைமை வடிவத்தின் கீழும் சிறுவர் உடலைச் சிதைக்கும் என்பதே இதனின்று பெறப்படும் படிப்பினை.

6. 1998ஆம் ஆண்டின் ஆய்வும் அதன் எல்லையும்

1980களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலே வின்சென்ற் பெலிற்றி என்ற வைத்தியர் உடற்பருமனைக் குறைக்கும் சிகிச்சை நிலையமொன்றை நடாத்தினார். நன்கு மெலிந்து வந்தோரே சிகிச்சையை இடைநிறுத்தி விலகியமை அவருக்குப் புதிராயிருந்தது. அவர்களை விசாரித்தபோது, பலர் சிறுவயதிற் பாலியல் கொடுமைக்குள்ளானவர்கள் எனத் தெரியவந்தது. சிலருக்கு உடற்பருமன் நோயன்று. பிறர் பார்வையிலிருந்து தம்மைக் காக்கும் கவசம்.

இதன் தொடர்ச்சியாக அவரும் றொபேட் அண்டாவும் பிறரும் நடாத்திய ஆய்வின் முதற் பெறுபேறுகள் 1998இல் வெளியாயின. 9,508 பேர் வினாக்கொத்துக்கு விடையளித்தனர். உள, உடல், பாலியல் கொடுமைகள், தாய் அடியுண்ணக் காணல், வீட்டில் போதைக்கு அடிமையானவர், மனநோயாளி, சிறை சென்றவர் இருத்தல் என ஏழு வகை அனுபவங்கள் வினவப்பட்டன. புறக்கணிப்பும் பெற்றோர் பிரிவும் பின்னரே சேர்க்கப்பட்டன. பாதிக்கு மேற்பட்டோர் ஒன்றையேனும் அனுபவித்திருந்தனர். அத்தகைய அனுபவம் எதுவுமற்றோருடன் ஒப்பிடுகையில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளை அனுபவித்தோரிடையே மதுவடிமை, போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியன 4 முதல் 12 மடங்காகவும், இருதய நோய் 2.2 மடங்காகவும், நாட்பட்ட சுவாசப்பை நோய் 3.9 மடங்காகவும் காணப்பட்டன. கொடுமையின் வகைகள் கூடக்கூட நோயும் படிப்படியாகக் கூடிற்று.

வளர்ந்தோரின் ஞாபகத்தை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் கதி விடோம் என்ற ஆய்வாளர், 1967 முதல் 1971 வரை நீதிமன்றப் பதிவேடுகளில் இடம்பெற்ற 908 சிறுவரையும் அவர்களையொத்த பிறரையும் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்தார். 2012இல் வெளியான பெறுபேறுகளின்படி, அவர்களது நடுவயதிலே இரத்தச் சர்க்கரை, சுவாசம், கண்பார்வை ஆகியவற்றில் வேறுபாடுகள் தென்பட்டன. நியூசிலாந்தின் டனெடின் நகரில் 1972–73இற் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தொடர்ந்த ஆய்வு, சிறுவயதிற் கொடுமையுற்றோரின் குருதியில் 32ஆவது வயதில் அழற்சியின் குறிகாட்டிகள் உயர்ந்திருந்தமையை 2007இற் காட்டியது. புகைத்தல் முதலான பழக்கங்களைக் கணக்கிற் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நிலைத்தது. ஆபத்தை எதிர்கொள்வதற்காக உடல் சுரக்கும் ஓமோன்கள் சிறிது நேரம் தொழிற்பட்டு அடங்கவேண்டியவை. வீடே ஆபத்தாகும்போது அவை அடங்குவதில்லை. காலப்போக்கில் மூளை, குருதிக்கலன்கள், நோயெதிர்ப்புத் தொகுதி ஆகியன அந்நிலைக்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்கின்றன. மற்றொரு பாதை பழக்கங்களின் வழியானது: மதுவும் புகையிலையும் வேதனையைத் தற்காலிகமாகத் தணிக்கும் மருந்துகளாகின்றன.

ஆகவே பேர்சிவல் பொட்டின் விடயத்தில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்துள்ளது. குடிகாரன், கட்டுப்பாடற்றவள் என்ற ஒழுக்கத் தீர்ப்புகளின் இடத்திலே காரணகாரிய விளக்கம் அமர்ந்தது. இது பெரும் முன்னேற்றமே. ஆயினும் இவ்வாய்வின் வினாக்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. அந்த ஏழு வகைகளுள் பசி இல்லை, நிறவெறி இல்லை, வேலையின்மை இல்லை, போர் இல்லை. விடையளித்தோரிற் பெரும்பாலார் வெள்ளையரும், கல்வியறிவு பெற்றோரும், மருத்துவக் காப்புறுதி உடையோரும் ஆவர். இதனால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வசதியுள்ள வீடுகளிலும் இக்கொடுமை பரவலாக உண்டு. வறுமையை மட்டும் காரணங்காட்டுவோர் இதனை ஏற்றே ஆகவேண்டும். இரண்டாவது, வசதியற்றோரின் பிள்ளைகள் சுமக்கும் முழுப் பாரத்தையும் இக்கணக்கு அளக்கவில்லை. பின்னர் பிலடெல்பியாவில் நிகழ்ந்த ஆய்வு, பாரபட்சத்தையும் அயலின் வன்முறையையும் சேர்த்துக் கணக்கிட்டமை இக்குறையை உணர்ந்ததன் அறிகுறியாகும். மேலும், மக்கள் தொகுதிக்குரிய இக்கணக்கைத் தனியொருவரின் விதியாகக் கொள்ளலாகாது என 2020இல் அண்டாவும் சகாக்களுமே எச்சரித்துள்ளனர். சாதகக் குறிப்பின் இடத்தை வினாக்கொத்துப் பெறுவது அறிவியலாகாது.

7. எமது சூழலில்

இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று. மலையகத்திலே கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்லவேண்டிய நிலை, 1861ஆம் ஆண்டின் ஆங்கில விசாரணை கண்ட அதே முரண்பாட்டின் தோட்டத்துறை வடிவமாகும். வடகிழக்கைப் பொறுத்தவரை, 296 தமிழ்ப் பாடசாலைச் சிறுவரிடையே நிகழ்ந்து 2008இல் வெளியான ஆய்வொன்று ஆழ்ந்த கவனத்துக்குரியது. அவர்களுள் நூற்றுக்கு 82.4 வீதத்தினர் போர் அனுபவமொன்றையேனும் எதிர்கொண்டவர்கள். ஆனால் 95.6 வீதத்தினர் வீட்டினுள்ளே ஏதேனுமொரு வகைத் துன்புறுத்தலை அனுபவித்தவர்கள். தந்தையின் மதுப்பழக்கமும் பிள்ளை எதிர்கொண்ட போர் அனுபவமும் வீட்டுத் துன்புறுத்தலின் அளவோடு தொடர்புற்றிருந்தன. போர் வீதியோடு நின்றுவிடவில்லை, வீட்டினுள்ளும் நுழைந்தது. போர் 2009இல் முடிவுற்றது. அக்காலச் சிறுவர் இன்று பெற்றோராகவும் நடுவயதை அணுகுவோராகவும் உள்ளனர். அவர்களது உடல்கள் எதனைச் சுமக்கின்றன என்பதை எமது வைத்தியசாலைகளும் பல்கலைக்கழகங்களும் வினவ வேண்டிய காலம் இது.

சட்டத்துறையில் முன்னேற்றம் இல்லாமலில்லை. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், சிறுவர் மீதான கொடுமையைக் குற்றமாக்கிய 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை நிறுவிய சட்டம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஆனால் 1788 முதல் 1875 வரையான ஆங்கில வரலாறு சட்டத்துக்கும் நடைமுறைக்குமிடையேயுள்ள தூரத்தை எமக்கு உணர்த்தியுள்ளது. அடியாத மாடு படியாது என்ற பழமொழி வீட்டிலும் வகுப்பறையிலும் அறமாகக் கொள்ளப்படும் வரையில் சட்டம் தனித்து நின்று செய்யக்கூடியது சிறிதே. மாட்டையும் பிள்ளையையும் ஒரே தராசிலிடும் இப்பழமொழி, இரண்டையும் உழைப்புக்குப் பழக்க வேண்டிய சீவன்களாகக் கண்ட விவசாயச் சமூகமொன்றின் கருத்துநிலையை வெளிப்படுத்துகின்றது.

முற்போக்கு அணியினரிடையே, வீட்டினுள் நிகழும் வன்முறையை இரண்டாம் பட்சமானதாகவும், சமூக மாற்றத்தோடு தானே நீங்கிவிடுவதாகவும் கருதும் போக்கொன்று நெடுங்காலமாக உண்டு. வுப்பற்றாலின் சாப்பாட்டு மேசையும் ருமேனியாவின் இல்லங்களும் அப்போக்கை ஏற்கவில்லை. மறுபுறத்தில், பெற்றோருக்குப் புத்தி சொல்வதோடு கடமை முடிந்ததெனக் கருதும் சமூகநலப் பார்வையை லங்காசயரின் மூடப்பட்ட ஆலைகள் ஏற்கவில்லை. அடித்த கைக்குப் பொறுப்பு உண்டு. அக்கையை அவ்வாறு ஆக்கிய உறவுகளுக்கும் பொறுப்பு உண்டு. ஒன்றைக் கூறி மற்றையதை மறைத்தல் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்ட எமது சமூகம், ஐந்தில் முறிக்கப்பட்டது ஐம்பதில் என்னவாகும் என்று கேட்கத் தவறிற்று. மருத்துவம் இன்று அக்கேள்விக்குப் பெருமளவு விடை தந்துள்ளது. தாய்க்குப் போதிய ஊதியத்தோடு கூடிய ஓய்வு, பிள்ளைக்கு நிலையான பராமரிப்பாளர், அடியில்லாத பாடசாலை, குடிகாரன் என்று ஏசுவதற்கு முன்னர் அவரது வரலாற்றை வினவும் வைத்தியர் ஆகியன அவ்விடையிலிருந்து எழும் கோரிக்கைகளாகும். இவை நோய்த்தடுப்பு நடவடிக்கைகள் மட்டுமல்ல. சமூக நீதிக்கான போராட்டத்தின் பிரிக்கமுடியாத கூறுகளுமாகும்.